கேள்விக்குக் கொடுக்கும் பணம்

1990களின் கடைசியில் புதுச்சேரியை ஒட்டிய வீராம்பட்டினம் கடற்கரையில் ஒலிபெருக்கிகள் கட்டப்பட்டன. நாளைக்கு அலை எவ்வளவு உயரம் எழும்பும், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்பதை அவை தமிழில் அறிவித்தன. அந்தத் தகவல் புறப்பட்ட இடம் அமெரிக்கக் கடற்படையின் இணையதளம். வில்லியனூரில் இருந்த ஓர் அலுவலகம் தொலைபேசி இணைப்பு வழியாக அதை எடுத்து, தமிழாக்கி, வி.எச்.எஃப். வானொலிக் கருவி மூலம் ஊருக்கு அனுப்பியது. ஊரிலேயே பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் அதை ஒலிபெருக்கியில் போட்டார்கள். மறுநாள் கடலுக்குப் போவதா, வலையைச் சரிபார்த்துக்கொண்டு கரையில் இருப்பதா என்று மீனவர்கள் அதைக் கேட்டு முடிவு செய்தார்கள்.

இதற்கான பணம் கனடாவிலிருந்து வந்தது. பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையம் என்று அங்கே ஓர் அமைப்பு இருக்கிறது. கனடா நாடாளுமன்றம் 1970-ல் தனிச் சட்டம் இயற்றி அதை உருவாக்கியது. வளரும் நாடுகளின் சிக்கல்களை அந்தந்த நாட்டு ஆய்வாளர்களே ஆராயப் பணம் கொடுப்பது அதன் வேலை. சென்னையில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் 1998-ல் அந்த மையத்தின் நிதியைப் பெற்று, வில்லியனூரை நடுவாக வைத்துச் சுற்றுவட்டார ஊர்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது.

எங்கோ இருக்கும் ஒரு நாட்டு மக்களின் வரிப்பணம் பாண்டிக் கடற்கரைக்கு ஏன் வருகிறது, எந்த வழியாக வருகிறது, வந்து என்ன செய்கிறது, தீர்ந்தபின் என்ன மிஞ்சுகிறது? இந்தக் கட்டுரை அதைச் சொல்ல முயல்கிறது. இன்று இதே வகைப் பணம் தில்லியிலிருந்தும் தனியார் அறக்கொடைகளிலிருந்தும் வருகிறது. அதன் போக்கைப் புரிந்துகொண்டால், நம் ஊருக்கு ஓர் ஆய்வுக் குழு வரும்போது என்ன கேட்க வேண்டும் என்பது தெரியும்.

ஒன்றை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். அரசுத் திட்டத்துக்கு ஒதுக்கும் பணம் ஒரு வகை, ஆய்வுக்கு ஒதுக்கும் பணம் வேறு வகை. திட்டத்தில் செய்ய வேண்டியது முன்பே தெரியும். ஆயிரம் பள்ளிக்குக் கணினி என்றால் ஆயிரம் கணினி போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தால் போதும். ஆய்வில் விடை தெரியாது. அதனால்தான் பணம் தேவைப்படுகிறது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறக்கப்பட்டது 1995 ஆகஸ்டில். மூன்றே ஆண்டுகள் கழித்து, குடும்பத்தில் ஒருவர் மட்டுமே எழுத்தறிந்த ஒரு வீட்டுக்கு, மின்சாரம் நின்று நின்று வரும் ஊரில், ஆங்கிலமே நிறைந்திருந்த இணையம் எதற்காவது உதவுமா என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. அரசு அதற்குக் கோடிகளை ஒதுக்க முடியாது, ஒதுக்கவும் கூடாது. நாற்றங்காலில் முளைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வயலில் நட வேண்டும். அந்த நாற்றங்காலுக்கான செலவுதான் ஆய்வு நிதி. விதை முளைக்காது என்று தெரிந்துகொள்வதும் அதற்கு ஒரு பலன்தான். இதை மறந்துவிட்டு ஆய்வுத் திட்டத்திடம் ‘எத்தனை கணினி வைத்தீர்கள்’ என்று மட்டும் கேட்கிறபோது விடை தொலைந்துபோகிறது.

புதுச்சேரிக் குழு இந்த வேறுபாட்டை அறிந்திருந்தது. கணினியை ஊருக்குள் இறக்குவதற்கு முன்னால் மக்களிடம் போய், உங்களுக்கு ஒரு செய்தி தெரிய வேண்டுமென்றால் யாரிடம் கேட்கிறீர்கள் என்று விசாரித்தது. கடைக்காரர், சந்தை, உரமும் விதையும் விற்பவர், அக்கம்பக்கத்தார் என்று பதில் வந்தது. அதாவது, தகவல் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் விற்பவரின் வாயிலிருந்து வாங்குபவரின் காதுக்கு ஓடியது. மக்கள் எதைத் தெரிந்துகொள்ள விரும்பினார்கள் என்ற பட்டியலும் அங்கேயே கிடைத்தது. நெல் விலை, இடுபொருள் விலை, எந்த மருத்துவமனையில் எந்த மருத்துவர் என்றைக்கு இருப்பார், பஸ் நேரம், அரசு உதவிகளில் தனக்கு உரியது எது. புதுச்சேரி அரசின் நூற்றுக்கும் மேற்பட்ட நலத்திட்டங்களின் விவரம் தமிழில் கணினியில் ஏற்றப்பட்டது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களின் பட்டியலும் வந்தது. தன் பெயர் அதில் இருக்கிறதா என்று ஒரு கூலித் தொழிலாளி யாருடைய தயவும் இல்லாமல் பார்த்துக்கொள்ள முடிந்தது. கடலில்லாத ஊர்களில் மக்கள் அதிகம் தேடி வந்தது இந்த மாதிரி விவரங்களுக்காகத்தான். தொலைதூரத்து இணையப் பக்கங்களைவிடப் பக்கத்துச் செய்திக்கே மதிப்பு அதிகம் இருந்தது. ‘நம்ம ஊரு செய்தி’ என்ற பெயரில் மாதம் இருமுறை ஒரு தாளையும் குழு வெளியிட்டது.

சமூக உள்ளடக்கம் என்று ஆவணங்களில் எழுதுவது எளிது. அதை ஒரு நிபந்தனையாக மாற்றுவதுதான் கடினம். புதுச்சேரியில் அதைச் செய்தார்கள். மையம் வேண்டுமென்று கேட்கும் ஊர் இடம் கொடுக்க வேண்டும், மின்கட்டணம் கட்ட வேண்டும், தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கருவியும் பயிற்சியும் நிறுவனம் தரும். இடம் பொதுவானதாக இருக்க வேண்டும். எந்தச் சாதிக்காரரும் தடையின்றி உள்ளே வந்து போக முடிய வேண்டும். தன்னார்வலர்களில் பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும், நடைமுறையில் அவர்களே பெரும்பான்மையாக இருந்தார்கள். ஊரில் செல்வாக்குள்ளவர் வீட்டுத் திண்ணையில் கணினியை வைத்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் தலித் காலனியிலிருந்து ஒருவரும் அங்கே ஏறமாட்டார்கள். எனவே ‘அனைவருக்கும்’ என்ற சொல்லின் உண்மை கணினியின் வேகத்தில் இல்லை, அது வைக்கப்பட்ட அறையின் வாசலில் இருக்கிறது. கருவி ஒன்றேதான், வாசல் மாறினால் பயனாளி மாறிவிடுகிறார். இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் மிக உறுதியாக நிற்கும் உண்மை இது.

2004 டிசம்பர் 26 காலை. புதுச்சேரியின் இன்னொரு மீனவ ஊரான நல்லவாட்டைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். சுனாமிச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர் ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரின் தகவல் மையத்து ஒலிபெருக்கியில் உடனே எச்சரிக்கை விடப்பட்டது. மக்கள் மேட்டுப் பக்கம் ஓடினார்கள். சுமார் 500 குடும்பங்கள் இருந்த ஊர், வீடும் படகும் போயிற்று, உயிர்கள் தப்பின. எந்த நிதி விண்ணப்பத்திலும் சுனாமி என்ற சொல் இருந்திருக்காது. அலை உயரம் சொல்வதற்காகக் கட்டிய ஒலிபெருக்கி, அதை இயக்கப் பழகிய கை, அந்தக் குரலை நம்பப் பழகிய ஊர், இந்த மூன்றும் ஏற்கெனவே அங்கே இருந்தன. ஆய்வு நிதியின் பலனை மூன்றாண்டு முடிவில் கணக்குப் பார்த்து மூடிவிட முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்றை நான் அறியேன்.

சரி, இந்தப் பணத்தை எப்படிக் கேட்கிறார்கள்? நிதி தரும் அமைப்பு இன்ன பொருளில் ஆய்வு வேண்டும் என்று அழைப்பு விடும். ஆய்வுக் குழு முதலில் இரண்டு மூன்று பக்கத்தில் தன் எண்ணத்தை எழுதும். அது பிடித்திருந்தால் முழு முன்மொழிவு கேட்பார்கள். கேள்வி என்ன, இதற்குமுன் யார் என்ன கண்டுபிடித்தார்கள், எந்த ஊரில் எப்படிச் செய்யப்போகிறீர்கள், எதை வைத்து வெற்றி தோல்வியை அளப்பீர்கள், எத்தனை ஆண்டு, எவ்வளவு பணம். துறை அறிந்த வெளியாட்கள் அதைப் படித்து மதிப்பெண் போடுவார்கள். மக்களிடம் விவரம் சேகரிக்கும் ஆய்வென்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அதன்பின் பணம் தவணை தவணையாக வரும். ஒவ்வொரு தவணைக்கும் அறிக்கையும் செலவுக் கணக்கும் போக வேண்டும். நம் நாட்டு அரசு நிதியென்றால் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்த தவணை நகரும். அந்தத் தாள் தாமதமாகி ஆய்வு உதவியாளர்கள் சம்பளமில்லாமல் மாதக்கணக்கில் காத்திருப்பது பல்கலைக்கழகங்களில் பழகிப்போன துயரம்.

பணம் எந்தத் தலைப்பில் செலவாகிறது என்று பார்ப்பது முக்கியம். கருவிக்குப் பணம் கேட்பது எளிது. விலைப்பட்டியல் இருக்கிறது, ரசீது இருக்கிறது. ஆய்வாளரின் பயணத்துக்கும் கேட்கலாம். ஊரிலேயே இருந்து தினமும் மையத்தைத் திறந்து மூடும் பெண்ணுக்கு என்ன கொடுப்பது என்ற இடத்தில் ‘தன்னார்வலர்’ என்று எழுதிவிடுகிறார்கள். புதுச்சேரியிலும் அப்படித்தான். அந்தத் திட்டத்தின் மீது எனக்குள்ள மதிப்பு குறையாமலே இதைச் சொல்கிறேன்: ஆய்வின் மிக அவசியமான வேலையைச் செய்பவருக்கு ஊதியத் தலைப்பு இல்லாத வரவு செலவுத் திட்டம் சரியான திட்டம் அல்ல. மையம் சமூகத்தின் சொத்து என்ற நல்ல எண்ணம் அதன் பின்னால் இருந்தது. ஆனால் அந்த நல்ல எண்ணத்தின் சுமையை ஏழைப் பெண்கள் சுமந்தார்கள்.

இதற்கு நேர்மாறான வழியில் போனது மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001-ல் தொடங்கிய முயற்சி. சென்னை ஐ.ஐ.டி., அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம், எம்.ஐ.டி. ஆகியவை இதில் சேர்ந்திருந்தன. ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம் ஒரு கோபுரத்திலிருந்து பத்து கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்துக்குத் தொலைபேசியும் இணையமும் கொடுத்தது. கம்பி இழுக்கும் செலவு மிச்சம். ஊர்தோறும் ஒரு கியோஸ்க், அதாவது கணினியும் இணையமும் உள்ள சிறு கடை. அதைச் சிறுதொழிலாக ஒருவர் நடத்துவார், கட்டணம் வாங்குவார், அதில் வாழ்வார். இலவசம் என்றால் நிலைக்காது, வியாபாரம் என்றால் நிலைக்கும் என்பது இங்கே சோதிக்கப்பட்ட எண்ணம்.

முதலில் நன்றாகவே நடந்தது. மாவட்ட நிர்வாகம் ஒத்துழைத்தது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை விண்ணப்பம் போன்றவற்றுக்குத் தாலுகா அலுவலகத்துக்கு அலையாமல் கியோஸ்கிலிருந்தே மனு அனுப்ப முடிந்தது. ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் மிச்சமானால் ஏழைக் குடும்பத்துக்கு அது பெரிய விஷயம். பிறகு ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாறுதலாகிப் போனார்கள். வந்தவர்களுக்கு இது கட்டாயக் கடமை அல்ல. ஓர் ஆண்டு போல நன்றாக நடந்த சேவை நின்றது. அதை நம்பியிருந்த வருமானமும் போயிற்று. தனியார் நடத்திய கியோஸ்குகளில் பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் மூடப்பட்டன.

இதைத் தோல்வி என்று எழுதி முடித்துவிடலாம். அப்படிச் செய்யாமல், ராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் மூடிய கியோஸ்குகளையும் சேர்த்து ஆராய்ந்து, ஏன் மூடினார்கள், யார் தாக்குப்பிடித்தார்கள் என்று விரிவாக எழுதினார்கள். நடத்துபவருக்கு முன்பே கணினிப் பயிற்சி இருந்த இடங்களும், பயிற்சி பெற்ற தனி ஆள் வைத்திருந்த இடங்களும் அதிக நாள் நின்றன. பயன்படுத்தியவர்களில் படித்த இளைஞர்கள், அதுவும் ஆண்கள், அதிகம். ஆனால் கியோஸ்க் தலித் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருந்து, அந்தச் சமூகத்திலேயே முன்நின்று அழைக்க ஒருவர் இருந்த இடங்களில் தலித் மக்களின் வருகை கூடியது. புதுச்சேரியில் நிபந்தனையாக வைத்தது மேலூரில் கணக்கெடுப்பில் தெரியவந்தது. இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. இந்திய அரசு 2006-ல் தேசிய மின்னாளுமைத் திட்டத்தின் கீழ் ஒரு லட்சம் பொதுச் சேவை மையங்கள் அமைக்க முடிவெடுத்தபோது இந்த அனுபவங்கள் கைவசம் இருந்தன. இன்று இ-சேவை மையத்தில் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது, அந்தச் சேவை ஓர் அதிகாரியின் ஆர்வத்தை நம்பி இல்லை, அரசின் நடைமுறையாகவே ஆகிவிட்டது. மேலூரில் இல்லாதது அதுதான்.

தேனியில் நடந்தது வேறு மாதிரி. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை கிராமப்புறங்களில் சிறு கண் பரிசோதனை மையங்களைத் திறக்க விரும்பியது. மையத்தில் மருத்துவர் இருக்கமாட்டார். பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார், தேனி மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் வீடியோவில் நோயாளியோடு பேசுவார். அதற்கு நல்ல இணைப்பு வேண்டும், அன்றைக்கு அது கிராமத்தில் கிடையாது. அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகம், பெர்க்லியில் எரிக் ப்ரூவர் தலைமையிலான குழு இதற்கு வழி கண்டது. அந்தக் குழுவுக்குப் பணம் கொடுத்தவற்றுள் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையும் ஒன்று. இன்டெல் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவும் துணை நின்றது.

வீட்டில் இருக்கும் வைஃபை சில பத்து மீட்டர்களுக்காக உருவானது. தரவு அனுப்பிய கருவி, வந்து சேர்ந்தது என்ற பதிலுக்காக ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிதான் காத்திருக்கும். பதில் வராவிட்டால் தொலைந்துபோனதாக நினைத்து மறுபடி அனுப்பும். இரண்டு முனைகளுக்கும் நடுவே பல கிலோமீட்டர் இருந்தால் பதில் வந்து சேர்வதற்குள் பொறுமை தீர்ந்துவிடும். அனுப்பியதையே அனுப்பி இணைப்பு திணறும். பெர்க்லி குழு, விலை மலிவான அதே கருவியின் மென்பொருளை மாற்றியது. இப்போது நீ பேசு, அடுத்து நான் என்று இரு முனைகளும் முறைவைத்துப் பேச ஏற்பாடு செய்தது. உயரமான கம்பத்தில் திசை நோக்கிய ஆன்டெனா. அவ்வளவுதான். வீடியோ தடையில்லாமல் ஓடியது.

ஆனால் ஆய்வகத்தில் யாரும் எதிர்பார்க்காத சிக்கல் மின்சாரத்தில் இருந்தது. கிராமத்து மின்னழுத்தம் ஏறி இறங்கி கருவிகளை எரித்தது, நினைவக அட்டைகளைக் கெடுத்தது. பழுது பார்க்க பெர்க்லியிலிருந்து ஆள் வர முடியாது. தேனிப் பணியாளர்களுக்கே அந்த வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. முன்னோடி முயற்சிக்கு அப்பால் கிராமத்து வலையமைப்பை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்று அந்தக் குழு 2008-ல் தனிக் கட்டுரையே வெளியிட்டது. மின்சாரம், பழுது, பயிற்சி ஆகியவற்றைப் பற்றி அது விரிவாகப் பேசியது. கணினி அறிவியலின் முன்னணி மாநாடு ஒன்றில் அதற்கு இடம் கிடைத்ததை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பராமரிப்பும் ஆய்வுதான் என்று அந்தத் துறை ஏற்றுக்கொண்டதற்கு அது அடையாளம். தேனியில் இணைப்பு நிலைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆய்வு வருவதற்கு முன்பே அங்கே ஒரு மருத்துவமனை இருந்தது. அதற்கு நோயாளிகள் இருந்தார்கள், வருமானம் இருந்தது, தேவை இருந்தது. நிதி தீர்ந்த மறுநாளும் மையத்தைத் திறக்க ஆள் இருந்தது.

சில வேளைகளில் ஆய்வு நிதி எந்தக் கருவியையும் வாங்குவதில்லை, அளப்பதற்கு மட்டுமே பயன்படுகிறது. வட கேரளக் கடற்கரையில் 1997-லிருந்து 2001 வரை செல்போன் கோபுரங்கள் ஒவ்வொரு பகுதியாக வந்தன. அவற்றை வைத்தது தனியார் நிறுவனங்கள், வியாபாரத்துக்காக. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 15 கடற்கரைச் சந்தைகளில், கோபுரம் வருவதற்கு முன்னால் தொடங்கி வந்த பிறகும், வாரம் தவறாமல் மத்தி விலையைக் குறித்துவைக்க ஏற்பாடு செய்தார். ஒரு கரையில் மீன் வாங்க ஆளில்லாமல் கடலில் கொட்டிக்கொண்டிருந்த அதே காலையில், பதினைந்து கிலோமீட்டருக்குள் இருந்த வேறு கரைகளில் வாங்க வந்தவர்கள் மீன் கிடைக்காமல் திரும்பினார்கள். போன் வந்தபின் படகிலிருந்தே விலை கேட்டு எந்தக் கரைக்குப் போவது என்று முடிவு செய்தார்கள். முன்பு 5 முதல் 8 விழுக்காடு மீன் வீணாகிக்கொண்டிருந்தது, அது ஏறக்குறைய நின்றது. மீனவர் லாபம் சராசரியாக 8 விழுக்காடு கூடியது, வாங்குபவருக்கு விலை 4 விழுக்காடு குறைந்தது. 2007-ல் வெளிவந்த இந்த ஆய்வு, செல்போன் ஏழைகளுக்கு ஆடம்பரம் என்ற பேச்சுக்கு வலுவான மறுப்பாக அமைந்தது. ஐந்தாண்டு வாரக் கணக்கு இல்லாவிட்டால் இது வெறும் அபிப்பிராயமாகவே இருந்திருக்கும்.

சுனாமிக்குப் பிறகு இலங்கையில் சர்வோதய இயக்கமும் கொழும்பின் லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனமும், கனடா மையத்தின் நிதியில், 32 கடலோர ஊர்களில் எச்சரிக்கைக் கருவிகளைச் சோதித்தன. சில ஊர்களுக்குச் செயற்கைக்கோள் வானொலி, சிலவற்றுக்குக் கைப்பேசி, சிலவற்றுக்கு எதுவுமே இல்லை. சில ஊர்களுக்குப் பயிற்சி, சிலவற்றுக்கு இல்லை. இப்படி வேண்டுமென்றே பிரித்துவைத்தால்தான், காப்பாற்றியது கருவியா பயிற்சியா என்று சொல்ல முடியும். ஒரு ஊருக்குக் கொடுத்து இன்னொரு ஊருக்குக் கொடுக்காதது நியாயமா என்று கேட்கத் தோன்றும். எது வேலை செய்யும் என்பதே தெரியாத நிலையில் அப்படிப் பிரிப்பது நியாயம். தெரிந்த பிறகும் கொடுக்காமல் இருந்தால்தான் அநியாயம்.

இன்றைக்குப் பணம் எங்கே இருக்கிறது? நம் நாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 விழுக்காட்டை எல்லோருக்கும் தொலைபேசி கிடைப்பதற்கான நிதிக்குக் கட்டுகின்றன. 2002-லிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. நாம் செய்யும் ரீசார்ஜிலிருந்துதான் அது போகிறது என்றும் சொல்லலாம். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில் அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாற்றினார்கள். நெடுங்காலம் இது கோபுரத்துக்கும் கேபிளுக்குமே போனது. 2022 அக்டோபரில் அதன் ஆண்டு வரவில் 5 விழுக்காட்டை, கிராமங்களுக்கு ஏற்ற தொலைத்தொடர்புத் தொழில்நுட்ப ஆய்வுக்கென ஒதுக்கினார்கள். கல்வி நிலையங்களும் ஆய்வு நிறுவனங்களும் ஸ்டார்ட்அப்களும் விண்ணப்பிக்கலாம். நல்ல முடிவு. ஆனால் அது கருவி உருவாக்கத்துக்குச் சாய்ந்த நிதி. அந்தக் கருவி யார் கைக்குப் போய்ச் சேரவில்லை, ஏன் என்று ஆராய்பவருக்கு அதே அளவு கதவு திறக்கவில்லை. 2023-ல் சட்டமான அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளைக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி ரூபாய் என்று திட்டம். அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆய்வுக்கு நாம் 2020-21-ல் செலவிட்டது 0.64 விழுக்காடுதான் என்பதை நினைத்தால் இந்தப் பணம் எவ்வளவு தேவை என்பது புரியும்.

தனியார் கொடையும் வருகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் இந்திய மொழிகளுக்கான செயற்கை நுண்ணறிவு ஆய்வு மையத்துக்கு 2022-ல் நந்தன் நிலேகனி, ரோகிணி நிலேகனி குடும்பம் 36 கோடி ரூபாய் கொடுத்தது. மத்திய அரசின் மொழித் தொழில்நுட்பத் திட்டமான பாஷினியும் அந்த வேலைக்குத் துணை நிற்கிறது. ஐ.ஐ.டி. மையத்தின் குழு 145 மாவட்டங்களில் 22 மொழிகளில் 16,237 பேரின் பேச்சைப் பதிவு செய்து, 7,348 மணி நேரம் கொண்ட தொகுப்பை யாரும் பயன்படுத்தும்படி வெளியிட்டது. இணையத்தில் தட்டச்சு செய்யத் தெரியாதவர் பேசிக் காரியம் முடிக்க வேண்டுமென்றால் இந்த மாதிரித் தொகுப்பு இல்லாமல் முடியாது. இங்கேயும் பழைய வாசல் கேள்வி எழுகிறது. வானொலித் தமிழைப் புரிந்துகொள்ளும் கணினி, நாகை மீனவரின் பேச்சையும் பல் விழுந்த பாட்டியின் பேச்சையும் புரிந்துகொள்ளுமா? யாருடைய குரலைப் பதிவு செய்யப் பணம் ஒதுக்கினோமோ அவர்களுடைய குரலைத்தான் அது புரிந்துகொள்ளும்.

ஆய்வுக் குழு ஒன்று உங்கள் ஊராட்சிக்கோ மகளிர் குழுவுக்கோ வந்தால், கேட்க வேண்டியவை அதிகமில்லை. நிதி எந்த மாதம் முடிகிறது, அதற்குப் பிறகு கருவி யாருடையது, பழுது பார்க்க யாருக்குப் பயிற்சி கொடுப்பீர்கள், எங்கள் ஊர் ஆளுக்குச் சம்பளம் உண்டா, எங்களிடம் வாங்கும் விவரத்தை வேறு யாருக்குக் கொடுப்பீர்கள், கண்டுபிடித்ததைத் தமிழில் எங்களிடம் வந்து சொல்வீர்களா. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்பது உங்கள் உரிமை. நேர்மையான குழு இந்தக் கேள்விகளை வரவேற்கும். அவற்றுள் சிலவற்றுக்கு முன்மொழிவிலேயே பதில் எழுதியிருக்கும்.

பணம் இந்திய அரசின் அமைப்பிலிருந்து வந்திருந்தால், இறுதி அறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். பத்து ரூபாய் கட்டணம், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. மனுவைத் தமிழிலேயே எழுதலாம். கனடா மையத்தின் நிதியில் நடந்த ஆய்வு என்றால் மனுவே தேவையில்லை. தன் நிதியில் நடந்த ஆய்வுகளின் அறிக்கைகளை அது தன் மின்னூலகத்தில் பொதுவாக வைத்திருக்கிறது.